புது அட்மிஷன்

"யெஸ் ஸார்" என்றாள் எப்சிபா, அருள்தாஸுக்காக. அடுத்து பாக்கியநாதன், அவனுக்கும் யெஸ் ஸார். செல்லத்துரை, யெஸ் ஸார். சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் ஞானதிரவியம் நின்றுகொண்டிருந்தார், சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு. கையில் ரெஜிஸ்டர் கிடையாது. இருந்தாலும் ஆள்காட்டி விரல் இல்லாத பக்கத்தின் மேல் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. என்றைக்கோ பாளையங்கோட்டையில் அவரிடம் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுப் போய், இப்போது ரிட்டயராகி, சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு செட் மாணவர்களை அவர் வரிசை பிசகாமல் கூப்பிட, முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி எல்லாருக்கும் சேர்த்து ஆஜர் சொன்னாள். ஆரம்பத்தில் குரலை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தாள், ஆம்பிளைப் பையன்களுக்குத் தடித்த குரல், பொம்பளைப் பிள்ளைகளுக்கு மெல்லிய குரல், அவளுக்கே சிரிப்பு வரும். அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை, பதில் வந்தால் போதும் என்று தெரிந்தபிறகு எல்லாருக்கும் ஒரே குரல்தான். இவருக்குச் செல்லத்துரை வேண்டும், பாக்கியநாதன் வேண்டும், அவர்களுடைய இனிஷியல்கூட மறக்கவில்லை, கூட வாழ்ந்தவள் முகம்தான் எதிரே உட்கார்ந்திருந்தாலும் தெரிய மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம் என்று டாக்டரிடம் கேட்டதற்கு, பழசு கடைசியில்தான் போகும் அம்மா என்றார் அவர். நான் மட்டும் என்ன நேற்று வந்தவளா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பெயர்கள் தீர்ந்துவிட்டன. விரல் நின்றது. அவர் கண்ணாடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "நீ யாரும்மா? புது அட்மிஷனா?"

தினமும் இந்தக் கேள்விதான், தினமும் அவள் புது அட்மிஷன்தான். "ஆமா ஸார்." அடுத்து பெயரைக் கேட்பார். சொல்வதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். தாங்கும் தெம்பு இருக்கிற நாளில் சொந்தப் பெயரைச் சொல்வாள், இல்லாத நாளில் மேரி, ரூபி என்று வாயில் வந்ததைச் சொல்லித் தப்பித்துக்கொள்வாள். இன்றைக்குத் தெம்பு சுத்தமாக இல்லை. ஆனால் இன்றைக்கு விட்டால் நாளை கிடையாது. காலையில் பெங்களூரிலிருந்து பெனிட்டா பேசினாள். கோயம்புத்தூர் பக்கத்தில் ஓர் இல்லம், இந்த மாதிரி மறதிக்காரர்களுக்கென்றே நடத்துவது, நர்ஸ் உண்டு, தோட்டம் உண்டு, ஜெபக்கூடம்கூட உண்டு, ஓர் அறை காலியாகியிருக்கிறது. மத்தியானத்துக்குள் சொல்லாவிட்டால் அடுத்தவர்களுக்குப் போய்விடும். "உன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதாம்மா கேக்கேன். அப்பாக்கு உன்னத் தெரியுதா? தெரியுதுன்னு சொல்லு, நான் வாயத் திறக்க மாட்டேன், அங்கயே இருக்கட்டும். தெரியலன்னா, அவங்களுக்கு நீ பாத்தா என்ன, ஒரு நர்ஸ் பாத்தா என்ன? பாத்ரூம்ல அவங்களத் தூக்கப் போயி நீ விழுந்து கெடந்தியே, மறந்துட்டியா?" மறக்கவில்லை. இந்த வீட்டில் மறக்காமல் இருப்பதற்கு அவள் ஒருத்திதானே பாக்கி. பெனிட்டா கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை, அதுதான் வயிற்றெரிச்சல், தப்பாக ஏதாவது கேட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். "பதினொண்ணு, பன்னெண்டு மணிபோல சொல்லுதேம்மா" என்று போனை வைத்துவிட்டு, ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, என் முகத்தைப் பார்த்து எப்சிபா என்று கூப்பிட்டுவிட்டால் போதும், அதற்குப்பிறகு நாள் முழுக்க அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டாலும் பரவாயில்லை என்று அடுப்படியில் நின்றபடியே வேண்டிக்கொண்டாள்.

ஒருவேளை எல்லாம் தன்னால் வந்ததுதானோ என்ற நினைப்பு அன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருநாள் அவர் குளிக்கவே மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டு அடம். கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், பிறகு கை ஓய்ந்துபோய், ஏதோ வாய்க்கு வந்தது: "ஸார், உங்களுக்கு ஃபர்ஸ்ட் பீரியட் இருக்கு, பிள்ளைகள் வந்துட்டாங்க." மந்திரம் போட்டதுபோல எழுந்தார். குளித்தார், சட்டை கேட்டார், இட்லியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. அதற்கப்புறம் சாப்பிட வைக்க ஒரு பீரியட், மாத்திரைக்கு ஒரு பீரியட், நகம் வெட்ட இன்டர்னல் எக்ஸாம் என்று எல்லாவற்றுக்கும் காலேஜைத்தான் கூட்டி வந்தாள். அவள் என்ன கண்டாள்? ஸார், ஸார் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் மனதில் எங்கேயோ ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரியை அவளே தன் கையால் துடைத்துப் போட்டுவிட்டாளோ? முன்பெல்லாம் சாயங்காலமானால் "ஏட்டி" என்றாவது கூப்பிடுவார். வகுப்பு ஆரம்பித்தபிறகு அதுவும் இல்லை. ஒரு தடவை மனசு கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க உங்க எப்சிபா" என்று சொல்லியும் பார்த்தாள். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. கையை உதறிவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, சுவரோடு சுவராகப் போய் நின்றுகொண்டு, "யாரு நீ? அவள என்ன செஞ்ச? எப்சிபாவ எங்க கொண்டுபோய் வச்சிருக்க?" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். நான்தாங்க என்று அதற்கப்புறம் அவள் சொன்னதே இல்லை.

"பேரு என்னம்மா?" என்றார் ஞானதிரவியம், பொறுமையாக. "எப்சிபா, ஸார்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. இதற்காகத்தான் சொல்லவும் தோன்றும், இதற்காகத்தான் சொல்லாமல் இருக்கவும் தோன்றும். "அப்படியா? என் வீட்டம்மா பேரும் அதுதான். அவ ஸ்கூல்ல பாட்டனி டீச்சர். உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா, கல்யாணமான புதுசுல ஒரு செம்பருத்திப் பூவ பிளேடால கீறி, இது சூலகம், இது மகரந்தம்னு எனக்குப் பாடம் எடுத்தா. எனக்கு அதெல்லாம் பத்தாம் வகுப்புலயே தெரியும். தெரியாத மாதிரி கேட்டுக்கிட்டே இருந்தேன். சொல்லும்போது அவ மூஞ்சி அப்படி இருக்கும். அவகிட்ட சொல்லிராத." சொல்லமாட்டேன் ஸார் என்றாள் எப்சிபா. சேர்ந்து குடித்தனம் நடத்திய காலமெல்லாம், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்பதற்கு மேல் ஒரு நல்ல வார்த்தை இந்த மனுஷன் வாயிலிருந்து வந்ததில்லை. எல்லாவற்றையும் இப்படி மூட்டை கட்டி உள்ளே வைத்திருந்து, யாரோ புது அட்மிஷனிடம் அவிழ்க்கிறார். அவளுக்கு அந்த எப்சிபாமேல் பொறாமையாக இருந்தது. கொடுத்துவைத்த மகராசி, பூவைக் கீறினாளாம், முகம் அப்படி இருந்ததாம். அவளுக்கு இடுப்பு வலி கிடையாது, ராத்திரி படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை கிடையாது, ராணி மாதிரி அவர் மனதுக்குள் உட்கார்ந்திருக்கிறாள், வெளியே நிற்கிற இவளைத்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் இரண்டு பேரும்.

"சரி, மூணாவது யூனிட். நாவல எடுத்துக்கிடுங்க." அவளிடம் புத்தகம் இருந்தது. அட்டை பிய்ந்து, பசை டேப் ஒட்டிய பழைய காதிக் நாவல், இங்கிலீஷ் பேய்க்கதை வகை, அவர் பணியில் இருந்த காலம் முழுக்க வருஷா வருஷம் நடத்தியது. கடற்கரைப் பாறைமேல் கார்வெல் மாளிகை என்று ஓர் இருட்டு வீடு, அதில் பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒரு பிரபு, விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எலினார், எலினார் என்று கூப்பிட்டபடி வராந்தா வராந்தாவாக நடப்பான். புயலுக்கு ஒதுங்க வருகிற ஓர் இளம் டாக்டரிடம், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற மிஸஸ் ஹார்ப் என்ற அம்மாள் கணப்படுப்புக்கு முன்னால் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து எப்சிபாவுக்கு இந்த நாவலைக் கண்டால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால் மனுஷன் கையில் இதுதான் இருக்கும், இவள் பேசுவது காதில் விழாது. வெளிநாட்டுக்காரி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டதுபோல் எரிச்சலாக வரும். இப்போது அதே நாவலை டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கிறாள். அவரோடு பேசுவதற்கு அந்த ஒரு வாசல்தானே திறந்திருக்கிறது.

"இதுல கதாநாயகன் யாரு? பிரபு இல்ல, டாக்டர் இல்ல. வீடு." அவர் மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார், தள்ளாட்டம் இல்லாமல், குரல் பழையபடி கணீரென்று. "எலினார் செத்த பெறவு அவன் என்ன செய்தான்? மொதல்ல பாட்டு அறையப் பூட்டுதான். பெறவு லைப்ரரி. பெறவு மாடி. ஒண்ணொண்ணா பூட்டிக்கிட்டே வந்து கடைசியில ஒத்த அறையில இருக்கான். அது வீடு இல்லம்மா, அவன் மனசு. துக்கத்த வார்த்தையில எழுதினா நாலு வரியில தீந்துரும். அத வீடாக் கட்டி, அதுக்குள்ள நம்மள நடக்க வைக்கான். பூட்டின கதவப் பாக்கப் பாக்க நமக்குப் பயம் வருது. தெறந்தா ஒண்ணுமே இருக்காது. பயம் இருக்கதெல்லாம் தெறக்கதுக்கு முன்னாலதான்." எப்சிபா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் மனது இவர் பூட்டிய அறைகளை எண்ணிக்கொண்டே போயிற்று. முதலில் வழி போயிற்று, மார்க்கெட்டுக்குப் போனவர் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் திசை தெரியாமல் நின்றார். பிறகு தெரிந்தவர்கள் முகங்கள். பிறகு பெனிட்டா, பெற்ற மகளையே உட்காருங்க மேடம் என்றார், அந்தப் பிள்ளை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது. பிறகு இவள். இப்போது ஒரே ஓர் அறையில் விளக்கெரிகிறது, அதில் மூன்றாம் யூனிட் நடந்துகொண்டிருக்கிறது. அதையும் பூட்டிவிட்டால் என்ன செய்வது? அடுப்படியில் குக்கர் விசிலடித்தது, போய் அணைத்துவிட்டு வந்தாள். அவர் சட்டை செய்யவில்லை. காலேஜுக்குப் பின்னால் ரயில் போகும், அந்தச் சத்தமென்று நினைத்திருப்பார்.

"இனி நேரேட்டிவ் டெக்னிக். இதத்தான் கட்டாயம் கேப்பான், நல்லா குறிச்சிக்கோ. கதைக்குள்ள கதை. நமக்குச் சொல்லுதது டாக்டர், டாக்டருக்குச் சொல்லுதது மிஸஸ் ஹார்ப். அந்தம்மா எடுத்த உடனே என்ன சொல்லுதா? நான் என் கண்ணால பாத்தத மட்டும் சொல்லுதேங்கா. யாரு ஒருத்தர் அப்படி ஆரம்பிக்காங்களோ, அவங்கமேல ஒரு கண்ணு வச்சுக்கிடணும். பொய் சொல்லுதாங்கன்னு இல்ல. எத விட்டுட்டுச் சொல்லுதாங்கன்னு பாக்கணும்." எப்சிபாவுக்குச் சுருக்கென்றது. பெனிட்டாவிடம் இதுநாள்வரை அப்படித்தானே பேசி வந்தாள். அப்பா நல்லாச் சாப்பிட்டாவ, அப்பா இன்னைக்கு ரொம்பப் பேசினாவ, அப்பா சிரிச்சாவ. எல்லாம் கண்ணால் பார்த்ததுதான், ஒரு வார்த்தை பொய்யில்லை. விட்டதுதான் மலைபோல் கிடக்கிறது. இன்றைக்கும் அப்படி ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் எத்தனை நாளைக்கு, யாரை ஏமாற்றுவதற்கு? ராத்திரி படுத்தபடி அவள் அந்த நாவலில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்ததிலிருந்து அது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது, கேட்கலாமா என்று பயம், கேட்காமலிருந்தால் வெடித்துவிடும் போலவும் இருந்தது. கையைத் தூக்கினாள்.

"ஸார், ஒரு சந்தேகம். யாருமே இல்லாத அறையில எலினார் அழுதாள்னு மிஸஸ் ஹார்ப் சொல்லுதாங்க. ஜன்னல் கம்பியில நெத்திய வச்சிக்கிட்டு நின்னாள்னு சொல்லுதாங்க. யாருமே இல்லன்னா இவங்களுக்கு எப்படி ஸார் தெரியும்?" ஞானதிரவியம் நடப்பதை நிறுத்தினார். "சொல்லு." அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். "அந்த மிஸஸ் ஹார்ப்தான் எலினாரா இருக்கக்கூடாதா ஸார்? அவங்க சாகவே இல்லாம, அந்த வீட்டுலயே, அவருக்கு முன்னாலயே?" "அப்ப கல்லறையில யாரு?" "கல்லறைய யாரும் பாக்கலையே ஸார். அவங்க சொன்னதுதானே." அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், நல்ல மாணவன் கிடைத்த நாளில் வீட்டுக்கு வந்து காப்பியைக்கூடக் குடிக்காமல் சொல்வாரே, அந்த முகம். "இத்தன வருஷம் நடத்திட்டேன். ஒரு பய கேக்கலம்மா இத. எனக்கும் தோணல." யோசித்தார். அவளும் யோசித்தாள், யோசிக்கிறதெங்கே, வேண்டிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு எட்டு, ஆண்டவரே. தலையைத் தூக்கி என்னைப் பார்க்கட்டும். பார்த்தார். நேராக அவள் கண்ணைப் பார்த்தார்.

"நல்ல கேள்வி. ஆனா ஒரு எடத்துல இடிக்கும்மா" என்றார். "அவன் ராத்திரி பகலா அவளத் தேடுதான். அவ எதுக்கவே நிக்கா. சாப்பாடு போடுதா, விளக்குக்கு எண்ணெய் ஊத்துதா. அவனுக்குத் தெரியாமலா போயிரும்? காதிக்ல என்ன வேணாலும் வரலாம். பேய் வரலாம், செத்தவ நடந்து வரலாம், செவரு பேசலாம், எல்லாத்தையும் வாசிக்கவன் நம்பிருவான். கட்டின பொண்டாட்டிய அடையாளம் தெரியாத புருஷன் வரக்கூடாது. அத எவனும் நம்ப மாட்டான். அது எழுதினவனுக்குத் தெரியும், அதான் எழுதல." எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். வகுப்பில் அழுதால் அவர் பயந்துபோவார் என்று, எழுதுகிற மாதிரி பாவனை செய்தாள். இப்படி நெஞ்சில் அடித்தமாதிரி யாரும் அவளிடம் பேசியதில்லை, இவ்வளவு அன்பாகவும் யாரும் பேசியதில்லை. யாரோடு சண்டை போடுவது? "சரிங்க ஸார்" என்றாள்.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாயிட்டு. வீட்டுல அவ காத்துக்கிட்டிருப்பா. நான் போகாமச் சாப்பிட மாட்டா." குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். மற்ற நாளென்றால் அடுத்த பீரியடும் உங்களுக்குத்தான் ஸார் என்று மடக்கி உட்கார வைத்துவிடுவாள். இன்றைக்கு வாய் வரவில்லை. போகட்டும், வீட்டுக்குத்தானே போகிறார், வீட்டுக்கு வருகிறவர் வீட்டுக்காரியைப் பார்க்க மாட்டாரா. தாழ்ப்பாளை அவளே விலக்கினாள். அவர் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கினார், வேப்பமரம் தாண்டினார், தெருமுனையில் போய் நின்று இடமும் வலமும் பார்த்தார். அவள் அதற்குள் உள்ளே ஓடி, பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி, நாவலைத் துணி அலமாரிக்குள் போட்டு, முகத்தைக் கழுவி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, காலேஜ் இருந்த சுவடே தெரியாமல் ஆக்கிவிட்டு, கதவோரம் வந்து நின்றாள். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவள் இப்படித் தயாராகி நின்றதில்லை. அவர் திரும்பி வந்துகொண்டிருந்தார். கேட்டைச் சாத்தி, எப்போதும்போல் ஒருதடவை அசைத்துப் பார்த்து, செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்தார். கால்களுக்கு எல்லாம் நினைவிருந்தது. படியேறி வந்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது ஞானதிரவியம் வீடுதானே? எப்சிபா இருக்காளா?"

நான்தாங்க என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். ஆனால் சுவரோடு ஒட்டி நின்று கத்திய அந்த முகம் குறுக்கே வந்தது. "இருக்காங்க" என்றாள் எப்சிபா. "உள்ள வாங்க." அவர் வந்து மேஜைமுன் உட்கார்ந்து, நான் வந்துட்டேன்னு சொல்லுங்க என்றார். அப்போதுதான் போன் அடித்தது. அடுப்படிக்குள் போய் எடுத்தாள். "என்னம்மா யோசிச்சே? அங்க கேக்காங்க" என்றாள் பெனிட்டா. "அப்பாக்கு உன்னத் தெரியுதா?" கதவிடுக்கு வழியாக அவர் தெரிந்தார், கழுத்தை நீட்டி அடுப்படிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வெயில்ல நடந்து வந்திருக்காவ" என்றாள் எப்சிபா. "எப்சிபா இருக்காளான்னு கேட்டுக்கிட்டு வந்திருக்காவ. நான் சாப்பிடாம இருப்பேனாம்." அந்தப் பக்கம் பெனிட்டா மூக்கை உறிஞ்சினாள். "நெசமாவாம்மா? உன் பேரச் சொன்னாங்களா?" "சொன்னாவட்டி. ரூம் வேண்டாம்னு சொல்லிரு." போனை வைத்துவிட்டு, அடுப்புத் திண்டைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. அவர் தேடுகிறார், தேடுகிற ஆளை எப்படி வேறோர் ஊரில் கொண்டு போய் விடுவது? அங்கே யாரிடம் போய்க் கேட்பார்?

சோற்றுப் பாத்திரத்தையும் குழம்பையும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அவருக்கு ஒரு தட்டு, எதிரே ஒரு தட்டு. அவர் கையைக் கழுவவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை. அவ வரட்டும், சேர்ந்து சாப்பிடுகிறோம் என்றார். அவளுக்கும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கியிருக்கவில்லை, காலும் கடுத்தது. இனிமேல் முடியாது என்று எதிர் நாற்காலியை இழுத்து, அந்தத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஞானதிரவியம் கொஞ்சம் சங்கடப்பட்டார். வருகிறவர்களிடம் முகத்துக்கு நேரே எதையும் சொல்லத் தெரியாத மனுஷன், எப்போதுமே அப்படித்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அது அவ உக்காருத எடம்."

எப்சிபா எழுந்துகொண்டாள். கரண்டியை எடுத்து அவர் தட்டில் சோறு போட்டாள்.